பெயர் கொடுக்க மறுக்கும் துப்பாக்கிக்காரர்கள்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் அமெரிக்காவின் துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். “சில மாநிலங்கள் துப்பாக்கியைப் பதிவு செய்யச் சொல்கின்றன, வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் செய்வதில்லை, அரசாங்கமும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை” என்பதுதான் அந்தப் பதில். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நாலு வரி போதாது என்று தெரிகிறது. அதனால் இந்த வாரம் முழுக்க அதே விஷயம்தான். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

துப்பாக்கியைப் பிடுங்கவில்லை. பெயரையும் துப்பாக்கியின் நம்பரையும் எழுதிக்கொள்கிறோம் என்றுதானே சொல்கிறார்கள். அதற்கே இந்தக் குதி குதிக்கிறார்களே, ஏன்?
– ஒரு வாசகர், திருச்சி

“இன்று பதிவு, நாளை பறிமுதல்” என்பது அவர்கள் பல தலைமுறையாகச் சொல்லிவரும் வாசகம். இன்றைக்கு இருக்கிற கவர்னர் நல்லவராகவே இருக்கட்டும், யார் வீட்டில் என்ன துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியல் ஒரு தடவை தயாராகிவிட்டால் இருபது வருஷம் கழித்து வருகிறவர் அதை எடுத்து என்ன செய்வார் என்பதுதான் அவர்களுடைய கவலை. முதலில் கேட்டபோது எனக்கும் இது மிகையாகத்தான் பட்டது. ஆனால் அவர்கள் வெறும் கற்பனையை வைத்துப் பேசவில்லை, கையில் நிஜக் கதைகள் இருக்கின்றன.

நியூயார்க் நகரத்தில் 1967-ல், ஜான் லிண்ட்சே மேயராக இருந்தபோது, ரைபிள், ஷாட்கன் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்றார்கள். 1991-ல் டேவிட் டின்கின்ஸ் மேயராக இருந்தபோது நகரம் சில வகை அரைத் தானியங்கி ரைபிள்களை (விசையை இழுக்க இழுக்க ஒவ்வொரு தோட்டாவாகச் சுடுபவை) தடை செய்தது. பட்டியல்தான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே, பதிவு செய்தவர்களுக்குக் கடிதம் போயிற்று: ஒப்படையுங்கள், அல்லது சுட முடியாதபடி செய்யுங்கள், அல்லது நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். சட்டத்தை மதித்துப் பெயர் கொடுத்தவருக்குத்தான் கடிதம் வந்தது, கொடுக்காதவருக்கு வரவில்லை. துப்பாக்கிக்காரர்கள் கூடுகிற எந்த இடத்திலும் இந்தக் கதையை யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார்.

கலிபோர்னியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1989 ஜனவரியில் ஸ்டாக்டன் நகரப் பள்ளி ஒன்றில் ஒருவன் சுட்டு ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். அந்த வருஷமே சட்டம் வந்தது, குறிப்பிட்ட சில ரைபிள்களை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கெடுவுக்குள் பதிவு செய்ய வேண்டும். கெடுவுக்குள் வந்தவர்கள் குறைவு. பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் கொஞ்சம் தாராளமாக, தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார். பல வருஷம் கழித்து நீதிமன்றம், அப்படி வாங்க அவருக்கு அதிகாரமே கிடையாது என்றது. தாமதமாகவாவது தானே போய்ப் பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சட்டவிரோத ஆயுதம் வைத்திருப்பவர்கள் ஆனார்கள், அதுவும் முகவரியோடு.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், இந்த விவகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். அமெரிக்க மாநிலங்களில் சமீப காலத்தில் பெரிய சண்டையைக் கிளப்பிய ‘பதிவு’ எல்லாமே தடைச் சட்டத்தின் வாலாக வந்தவை. ஏ.ஆர்-15 போன்ற ரைபிளை இனி யாரும் விற்கக் கூடாது, ஆனால் ஏற்கெனவே வைத்திருப்பவர் பதிவு செய்தால் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த ஏற்பாடு. படிவத்தை நிரப்புகிற ஆளுக்கு, தன் கையில் இருப்பது அரசுக்குப் பிடிக்காத பொருள் என்பது அந்தப் படிவத்திலேயே தெரிகிறது. நியூயார்க் மாநிலத்தில் அப்படிப் பதிவு செய்த துப்பாக்கியை மகனுக்குக்கூட விட்டுப்போக முடியாது, மாநிலத்துக்கு வெளியே விற்க வேண்டும் அல்லது வியாபாரியிடம் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் “இது வெறும் பதிவுதான்” என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பெரும்பாலானோர் பதிவு செய்யவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பதிவே செய்யாதபோது மொத்தம் எத்தனை என்று எப்படித் தெரியும்?
– ஒரு வாசகி, சென்னை

நல்ல கிடுக்கிப்பிடி. துல்லியமாக யாருக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. பதிவானது எவ்வளவு என்று மட்டும் தெரியும்.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலம் நியூடவுனில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த ஏப்ரலில் அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. ஏ.ஆர்-15 போன்ற, சட்டத்தின் வரையறைக்குள் வரும் ரைபிள்களையும், பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின்களையும் 2013 முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும். கடைசி நாட்களில் போலீஸ் அலுவலக வாசலில் குளிரில் நீண்ட வரிசை நின்றது. கடைசியில் பதிவானவை சுமார் 50,000 துப்பாக்கிகள், சுமார் 38,000 மேகசின்கள். துப்பாக்கி எண்ணிக்கையையாவது விவாதிக்கலாம், மேகசின் கணக்கைப் பாருங்கள். அந்த வகை ரைபிள் வாங்கும்போதே முப்பது தோட்டா மேகசின் ஒன்றோ இரண்டோ கூடவே வரும், ஆசைப்பட்டு இன்னும் நாலைந்து வாங்கிப்போடுவார்கள். துப்பாக்கியைவிட மேகசின் குறைவாகப் பதிவாகியிருக்கிறது என்றால், பெட்டியில் எவ்வளவு தங்கிவிட்டது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நியூயார்க் இன்னும் வேகம். சாண்டி ஹூக் நடந்து ஒரு மாதத்தில், 2013 ஜனவரி 15 அன்று, கவர்னர் ஆண்ட்ரூ கூமோ ‘சேஃப் ஆக்ட்’ என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மசோதா உறுப்பினர்களின் மேசையில் மூன்று நாள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி, அவசரம் என்று சொல்லி அதையும் தாண்டிவிட்டார்கள். இந்த அவசரத்துக்கே பாதி எதிர்ப்பு கிளம்பியது. பதிவுக்குக் கெடு 2014 ஏப்ரல். சரடோகா ஸ்பிரிங்ஸ் பக்கம் கூட்டம் கூட்டிப் பதிவுப் படிவங்களை நெருப்பில் போட்டார்கள். எத்தனை பதிவாயின என்று கேட்டால் மாநில போலீஸ் சொல்ல மறுத்தது, அது ரகசியம் என்றது. வழக்குப் போட்டு, 2015-ல்தான் எண் வெளியே வந்தது: சுமார் 24,000 பேர், சுமார் 44,000 துப்பாக்கிகள். கிட்டத்தட்ட இரண்டு கோடி மக்கள் வாழும் மாநிலத்தில், வடக்கே ஊர் ஊராக வேட்டைக்காரர்கள் இருக்கும் மாநிலத்தில், இந்த எண்ணை ஏன் ஒளித்தார்கள் என்று புரிகிறது.

கடைசியாக இல்லினாய். 2022 ஜூலை 4, சுதந்திர தின ஊர்வலத்தில் ஹைலண்ட் பார்க் நகரில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். 2023 ஜனவரியில் கவர்னர் பிரிட்ஸ்கர் இதே மாதிரி சட்டம் கொண்டுவந்தார், கெடு 2024 ஜனவரி 1. அங்கே ஒரு வசதி, துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் 1968 முதலே ஒரு அடையாள அட்டை உண்டு, அட்டை வைத்திருப்போர் சுமார் 24 லட்சம் பேர். கெடு முடிந்தபோது விவரம் கொடுத்தவர்கள் சுமார் 30,000 பேர். அட்டை வைத்திருக்கும் எல்லோரிடமும் அந்த வகைத் துப்பாக்கி இருக்காது, சரிதான். ஆனாலும் நூற்றுக்கு ஒன்றேகால்!

பதிவு செய்யாமல் வைத்திருந்தால் போலீஸ் வராதா?
– ஒரு வாசகர், மதுரை

எந்த வீட்டுக்கு வருவது? அதைத் தெரிந்துகொள்ளத்தானே பதிவே.

இன்னொன்று, அங்கே கவுன்டிக்கு கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃப் என்று ஒரு காவல் அதிகாரி இருப்பார். அவர் மாநில அரசு நியமிக்கிற அதிகாரி கிடையாது, உள்ளூர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர். இல்லினாயில் மொத்தம் 102 கவுன்டி, அதில் பெரும்பாலான ஷெரிஃப்கள் “இந்தச் சட்டத்துக்காக நான் யாரையும் சோதனை போடப்போவதில்லை” என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். நியூயார்க்கிலும் பல ஷெரிஃப்கள் இதே பாட்டுத்தான். வேறு ஏதாவது வழக்கில் மாட்டும்போது இதையும் சேர்த்துப் போடுவார்கள். மற்றபடி சும்மா கிடக்கும். எனக்கு இது பிடிக்கவில்லை, ஒரு சட்டம் பிடிக்காவிட்டால் காவல் அதிகாரி அமல்படுத்தாமல் இருக்கலாம் என்றால் அந்த வசதி நாளைக்கு வேறு சட்டத்துக்கும் நீளும். ஆனால் நிலவரம் அதுதான்.

நான் டாலஸில் இருக்கிறேன், குடியுரிமை வாங்கி வருடங்கள் ஆகின்றன. கடையில் கைத்துப்பாக்கி வாங்கும்போது பெயர், முகவரி, சீரியல் நம்பர் எல்லாம் ஒரு படிவத்தில் எழுதிக்கொடுத்தேன். அது பதிவு இல்லையா?
– ஒரு வாசகர், டெக்சாஸ்

நீங்கள் எழுதியது 4473 என்ற படிவம். அது கடைக்காரரிடமே இருக்கும். அவர் உங்கள் விவரத்தைச் சொல்லி எஃப்.பி.ஐ.யின் சோதனை அமைப்பில் கேட்பார், 1998 முதல் நடக்கிற ஏற்பாடு இது, அங்கே ‘கொடுக்கலாம்’ என்று பதில் வந்தால் உங்களை அடையாளம் காட்டும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். மத்திய அரசு துப்பாக்கிப் பட்டியல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1986-ம் வருடச் சட்டம் ஒன்று தெளிவாகவே தடுக்கிறது. இயந்திரத் துப்பாக்கி, சைலன்சர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் 1934 முதல் தனிப் பதிவேடு உண்டு.

இதுவரை சரி. ஆனால் கடை மூடினால்? அந்தப் படிவங்கள் எல்லாம் மூட்டை மூட்டையாக மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் உள்ள, மத்திய அரசின் துப்பாக்கி இலாகா (ஏ.டி.எஃப்.) அலுவலகத்துக்குப் போகும். பெட்டிகளின் கனத்தைக் கட்டிடத்தின் தளம் தாங்காது என்று பயந்து வெளியே கார் நிறுத்துமிடத்தில் கன்டெய்னர்களை நிறுத்தி அதற்குள் அடுக்கிய காலமும் உண்டு. 2022-ல் அந்த இலாகாவே நாடாளுமன்றத்துக்குச் சொன்ன கணக்குப்படி 90 கோடிக்கும் மேல் பதிவுகள் அங்கே இருக்கின்றன, பெரும்பகுதி ஸ்கேனும் செய்தாகிவிட்டது. ஆனால் பெயரைத் தட்டித் தேட முடியாது. தேட முடிந்தால் அது பட்டியல் ஆகிவிடும், பட்டியல் சட்டவிரோதம். அதனால் ஒரு கொலையில் துப்பாக்கி கிடைத்தால் ஊழியர்கள் முதலில் தயாரித்த கம்பெனியைக் கேட்டு, அது யாருக்கு விற்றது என்று மொத்த வியாபாரியைக் கேட்டு, அங்கிருந்து கடையைக் கேட்டு, கடை மூடியிருந்தால் ஸ்கேன் செய்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். கணினிக் காலத்தில் ஒரு வல்லரசு, சட்டம் போட்டுத் தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருக்கிற இந்தக் காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா என்றே தெரியவில்லை. அத்தனை பாடும் பட்டு அவர்கள் கண்டுபிடிப்பது கடையில் முதலில் வாங்கியவர் யார் என்பதை மட்டும்தான். உங்கள் டெக்சாஸில் அவர் அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றிருந்தால் அந்த விற்பனைக்கு எந்தத் தாளும் தேவையில்லை, தடம் அங்கேயே முடிந்தது.

துப்பாக்கிக்காரர்களுக்கு இந்த மார்ட்டின்ஸ்பர்க் பெயரைக் கேட்டாலே எரியும். பெயர் மட்டும்தான் வேறு, பட்டியலேதான் என்பார்கள். பாதி நியாயம். “இந்தத் துப்பாக்கியை வாங்கியவர் யார்?” என்று அங்கே கேட்கலாம், “இந்த ஆளிடம் என்னென்ன துப்பாக்கி இருக்கிறது?” என்று கேட்க முடியாது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைப்பதுதான் பதிவேடு.

சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே. புளோரிடாவில் 2004 சட்டப்படி அரசு அமைப்பு எதுவும் துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியல் வைத்திருந்தால் 50 லட்சம் டாலர் வரை அபராதம். பென்சில்வேனியாவிலும் பதிவேடு கூடாது என்று சட்டம் உண்டு, ஆனால் மாநில போலீஸ் கைத்துப்பாக்கி விற்பனை விவரங்களைச் சேர்த்துவைத்திருக்கிறது. இது பதிவேடுதானே என்று வழக்குப் போட்டார்கள். 2004-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், எல்லாத் துப்பாக்கியும் இதில் இல்லை, அரைகுறையாக இருப்பதால் இது பதிவேடு ஆகாது என்று சொல்லி வழக்கை முடித்துவிட்டது. வக்கீல்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

காரைப் பதிவு செய்கிறோம், வீட்டைப் பதிவு செய்கிறோம், கல்யாணத்தைக்கூடப் பதிவு செய்கிறோம். துப்பாக்கி மட்டும் என்ன ஒசத்தி?
– ஒரு வாசகர், ஈரோடு

கார் ஓட்டுவது அரசியல் சட்ட உரிமை இல்லை, துப்பாக்கி 1791 முதல் உரிமை என்பார்கள். சொந்தத் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டும் வண்டிக்குப் பதிவு தேவையில்லை, சாலைக்கு வந்தால்தான் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காரை ஒழிக்க வேண்டும் என்று எந்தக் கட்சியும் பேசவில்லை என்பார்கள். மூன்றாவதுதான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. முதலாவதற்குச் சுலபமான பதில் உண்டு, ஓட்டுப் போடுவதும் உரிமைதான், அதற்கும் முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்யத்தான் வேண்டும், துப்பாக்கிக்காரர்கள் யாரும் அதை எதிர்த்துக் கொடி பிடிக்கக் காணோம்.

நீதிமன்றங்களும் பதிவு என்றாலே கூடாது என்று சொல்லிவிடவில்லை. தலைநகர் வாஷிங்டனில் 1970-களிலிருந்தே பதிவு கட்டாயம். அங்கே கைத்துப்பாக்கிக்கு இருந்த தடையை 2008-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, ஆனால் கைத்துப்பாக்கிக்கான அடிப்படைப் பதிவு செல்லும் என்று 2011-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி வந்து பதிவு செய் என்பது போன்ற சில தொந்தரவுகளை மட்டும் 2015-ல் நீக்கியது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அளவுகோலையே மாற்றிவிட்டது, நாடு பிறந்த காலத்து வழக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அந்தக் காலத்து வழக்கம் என்று போனால் 1792 சட்டம் 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளை ஆண்கள் எல்லோரும் சொந்தமாகத் துப்பாக்கி வாங்கி, பயிற்சிக்குக் கூப்பிடும் நாளில் அதோடு வந்து நிற்க வேண்டும் என்றது. அன்றைக்கு அரசாங்கம் ஒவ்வொருவர் துப்பாக்கியையும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இது இரண்டு தரப்புக்கும் சங்கடமான வரலாறு.

குற்றவாளிகள் துப்பாக்கியைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருப்பதாகப் படித்தேன். கதையா, நிஜமா?
– ஒரு வாசகர், சேலம்

பாதி நிஜம். 1968-ல் ஹெய்ன்ஸ் என்பவரின் வழக்கு. ஏற்கெனவே தண்டனை பெற்றவர், குழல் குட்டையான ஷாட்கன் வைத்திருந்தார், பதிவு செய்யவில்லை என்று வழக்கு. ‘நான் பதிவு செய்யப் போனால் சட்டவிரோதமாக வைத்திருக்கிறேன் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகும், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறதே’ என்றார். நீதிமன்றம் 7-க்கு 1 என்று அவர் பக்கம் சொன்னது. துப்பாக்கி அரட்டையில் இந்த வழக்கு வந்தால் விடமாட்டார்கள், “ஆக, பதிவு யோக்கியனுக்கு மட்டும்தான்” என்று.

பாக்கிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. அதே வருஷம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பதிவில் கொடுக்கும் தகவலைப் பழைய குற்றத்துக்காக அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று ஆக்கியது. 1971-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

‘படகு விபத்து’ என்று அமெரிக்க நண்பர் ஒருவர் துப்பாக்கிப் பேச்சில் அடிக்கடி சொல்லிச் சிரிக்கிறார். கூடவே நானும் சிரித்துவைக்கிறேன். என்ன அது?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

“என்னிடம் இருந்த துப்பாக்கி எல்லாம் படகு கவிழ்ந்து ஏரியில் போய்விட்டது” என்பது அவர்களுக்குள் ஓடும் நகைச்சுவை. அரசாங்கம் வந்து கேட்டால் சொல்ல வேண்டிய பதிலாம். டி-ஷர்ட்டில்கூட வரும். இனி தைரியமாகச் சிரியுங்கள்.

நான் மென்பொருள் துறையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். பறிமுதலைவிட, அந்தப் பட்டியல் திருட்டுப் போனால் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லையே?
– ஒரு வாசகர், பெங்களூரு

பேசுகிறார்கள், இப்போது இதுதான் அவர்களுடைய கூர்மையான வாதம். 2022 ஜூனில் கலிபோர்னியா நீதித்துறை துப்பாக்கிப் புள்ளிவிவரங்களை எல்லோரும் பார்க்க ஒரு இணையதளம் திறந்தது. திறந்த வேகத்தில், மறைத்துத் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்த சுமார் 1,92,000 பேரின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் நிலையில் கிடந்தன. வேண்டுமென்று செய்ததல்ல, கவனக்குறைவு என்று விசாரணை அறிக்கை சொன்னது. கணவனின் அடிக்குப் பயந்து ஊர் மாறிப்போய்த் தற்காப்புக்கு அனுமதி வாங்கிய பெண்ணுக்கு, கவனக்குறைவு என்றால் என்ன ஆறுதல்?

அதற்கு முன்பே 2012 டிசம்பரில் நியூயார்க் புறநகர்ப் பத்திரிகை ஒன்று, இரண்டு கவுன்டிகளில் கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருப்பவர்களின் பெயரையும் வீட்டு முகவரியையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் போட்டது. சட்டப்படி அது பொது ஆவணம், போடலாம். ஊரே கொதித்தது, பத்திரிகை அலுவலகத்துக்கு ஆயுதக் காவலர் போட வேண்டியதாயிற்று, சில வாரத்தில் வரைபடத்தை எடுத்துவிட்டார்கள். இடையில் வந்த சேஃப் ஆக்ட் சட்டத்திலேயே, விரும்புகிறவர்கள் பெயரை மறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். எதிர்ப்பாளர்களுக்கு அந்தச் சட்டத்தில் கிடைத்த ஒரே லாபம்.

இங்கே கனடாவில் நீண்ட துப்பாக்கிகளுக்குப் பதிவு இருந்து, எடுத்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் எங்களை ஏன் உதாரணம் காட்டுகிறார்கள்?
– ஒரு வாசகர், டொரன்டோ

முதல் காரணம் செலவு. 1989-ல் மான்ட்ரியாலில் பொறியியல் கல்லூரிக்குள் புகுந்து ஒருவன் 14 பெண்களைக் கொன்றபிறகு நடந்த நீண்ட போராட்டத்தின் பலனாக 1995-ல் அந்தச் சட்டம் வந்தது. கட்டண வரவு போக அரசுக்கு 20 லட்சம் டாலர்தான் செலவு என்றார்கள். 2002-ல் தலைமைத் தணிக்கையாளர் ஷீலா ஃப்ரேசர் கணக்குப் பார்த்து, நூறு கோடி டாலரைத் தாண்டும் என்று அறிக்கை கொடுத்தார். 2012-ல் ஹார்ப்பர் அரசு சட்டத்தையே எடுத்தது, தரவுகளையும் அழித்தது. கியூபெக் மட்டும் எங்கள் பங்கை எங்களிடம் கொடு என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-ல் 5-க்கு 4 என்று தோற்றது, பிறகு சொந்தமாகப் பதிவேடு தொடங்கியது.

இரண்டாவது காரணம் 2020. மே மாதம் ட்ரூடோ அரசு ஏ.ஆர்-15 உட்பட சுமார் 1,500 வகைகளைத் தடை செய்தது. ஏ.ஆர்-15 அங்கே அதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டிய வகை, ஆகவே அதன் உரிமையாளர்களுக்கு ‘உங்கள் பதிவுச் சான்று இனிச் செல்லாது’ என்று கடிதம் போயிற்று. நியூயார்க் கதையின் கனடியப் பதிப்பு. ஆனால் ஒன்றைப் பாருங்கள், மான்ட்ரியால் குடும்பங்கள் கேட்டது அநியாயமான எதையும் அல்ல, கனடிய போலீஸார் வீட்டுத் தகராறுக்குப் போகும்முன் அந்தப் பதிவேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவோம் என்று கடைசி வரை அதை ஆதரித்தார்கள். அமெரிக்கப் பேச்சில் இந்தப் பக்கம் விட்டுப்போகிறது.

காந்தியே ஆயுதச் சட்டத்தை எதிர்த்தார் என்று அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் மேற்கோள் காட்டுகிறார்களே?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

எழுதியது உண்மை. பிரிட்டிஷ் ஆட்சி செய்த தீமைகளில் ஒரு தேசத்தையே நிராயுதபாணி ஆக்கிய சட்டத்தைத்தான் வரலாறு மிகக் கருப்பாகப் பார்க்கும் என்ற பொருளில் வரும், அவருடைய சுயசரிதையில் இருக்கிறது. அவர் சொல்வது லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டத்தை. ஆனால் எங்கே எழுதினார் என்பதை மேற்கோள்காரர்கள் சொல்வதில்லை. 1918-ல் கேடா மாவட்டத்தில் முதல் உலகப் போருக்கு ஆள் சேர்க்க அவர் வெளியிட்ட துண்டுப்பிரசுரத்தில் வந்த வரி அது, ‘பிரிட்டிஷ் ராணுவத்தில் சேருங்கள், ஆயுதம் பழகலாம், அந்தச் சட்டமும் நீங்கும்’ என்ற தொனியில். தனிமனிதர் வீட்டில் ரைபிள் வைப்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் 1959-ல் புதுச் சட்டம் போட்டு லைசென்ஸ் முறையைத் தொடர்ந்தோம். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கிவருவது நம் ஊர்ப் பண்ணையாருக்குப் பழகிப்போன வேலை. இதை ஒரு டெக்சாஸ்காரரிடம் சொல்லிப்பாருங்கள்.

சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள். நீங்கள் எந்தப் பக்கம்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

துப்பாக்கி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று எழுதிவைக்க வேண்டும் என்ற பக்கம். ஹவாயில் எல்லாத் துப்பாக்கிக்கும் பதிவு உண்டு, அங்கே வாங்குவதோடு சேர்ந்தே அது நடந்துவிடுகிறது, ஊர் இரண்டுபடுவதில்லை. தீவு என்பதும் ஒரு வசதிதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பதிவு மட்டும் தனியாக உயிரைக் காக்கும் என்று சொல்ல ஆதாரம் குறைவு. வாங்குவதற்கு முன்பே லைசென்ஸ் எடுக்கச் சொல்லும் சட்டத்துக்குத்தான் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. மிசவுரி மாநிலம் 2007-ல் அப்படிப்பட்ட சட்டத்தை எடுத்தபிறகு துப்பாக்கிக் கொலைகள் கூடின என்றும், 1995-ல் கனெக்டிகட் கொண்டுவந்த பிறகு அங்கே குறைந்தன என்றும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். எனவே தடையையும் பதிவையும் ஒரே சட்டத்தில் போட்டு, ஒரு சதவீதம் பேர் மட்டும் வருகிற வரிசைக்காக ஒரு தேர்தலையே பணயம் வைப்பது வீண் வேலை என்று நினைக்கிறேன். தடை இல்லாமல் பதிவு மட்டும் கொண்டுவந்தால் நம்புவார்களா என்று கேட்டால், நியூயார்க்கில் இடைவெளி 24 வருஷம் இருந்ததே என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதிவை எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1956-ல் மாண்ட்காமரியில் வீட்டில் குண்டு வீசப்பட்டபிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதி கேட்டார், உள்ளூர் போலீஸ் கொடுக்கவில்லை. அனுமதியும் பட்டியலும் யார் கையில் இருக்கிறது என்ற சந்தேகம் கறுப்பின மக்களில் பலருக்கும் உண்டு, அதை வெள்ளைக்காரக் கிராமத்தானின் பிடிவாதம் என்று தள்ள முடியாது.

என் தம்பி ஹூஸ்டனில் இருக்கிறான், ஹவாய்க்கு வேலை மாற்றலாகிறது. வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு போகலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

கூடாது. ஹவாயில் போய் இறங்கி, அல்லது துப்பாக்கி பின்னால் வந்தால் அது வந்து சேர்ந்து, ஐந்து நாளுக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். கலிபோர்னியாவாக இருந்தால் 60 நாள். நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு முதலிலேயே அந்த ஊர் லைசென்ஸ் வேண்டும், டெக்சாஸ் தாளைக் காட்டினால் நடக்காது. விமானத்தில் என்றால் பூட்டிய கெட்டிப் பெட்டியில், தோட்டா எடுத்துவிட்டு, கவுன்டரிலேயே சொல்லி, சரக்குப் பகுதியில்தான் போட முடியும்.

அதைவிட முக்கியமான ஒன்றைத் தம்பியிடம் கேளுங்கள்: எந்த விசாவில் இருக்கிறார்? கிரீன் கார்டு என்றால் பிரச்சினை இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசா என்றால், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்கு தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். எந்த மாநிலத்தில் பதிவு செய்தாலும் அது சரியாகிவிடாது, போய்ப் பதிவு செய்தால் தானே மாட்டிக்கொண்டதாகவும் ஆகும். பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.